பெயருக்கு வந்த பதிலாள்

ஆங்கில இலக்கணம் கற்பிக்கும் புத்தகம் எதை எடுத்துப் பிரித்தாலும், பெயர்ச்சொல்லைப் பற்றிய பாடம் முடிந்த கையோடு, பெயருக்குப் பதிலாக நின்று அதன் வேலையைச் செய்யும் சொல் பிரதிப்பெயர் என்ற ஒரு சூத்திரமும், அந்தச் சூத்திரத்துக்குச் சாட்சியாக, ராமன் ராமனுடைய புத்தகத்தை ராமனுடைய பையில் வைத்துக்கொண்டு ராமனுடைய வீட்டுக்குப் போனான் என்பது போன்ற, உலகில் எந்தப் பித்தனும் பேசியிராத ஒரு வாக்கியமும் இருக்கக் காணலாம். முதல் ராமனை மட்டும் நிறுத்திவிட்டு மற்ற இடங்களில் ‘ஹிஸ்’ என்று வைத்தால் காது பிழைக்கிறது என்பதை ஆசிரியர் காட்டுவார், பிள்ளைகளும் ஒப்புக்கொள்வார்கள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் சொற்களை எட்டு இனமாகப் பிரித்த டயோனீசியஸ் திராக்ஸ் என்ற கிரேக்க இலக்கண ஆசிரியர் இந்த இனத்துக்குப் ‘பெயருக்குப் பதில்’ என்ற பொருள்பட ஒரு நாமம் சூட்ட, லத்தீன்காரர் அதைத் தம் மொழியில் பெயர்த்துக்கொள்ள, ஆங்கிலேயர் லத்தீனிலிருந்து ‘ப்ரோநவுன்’ என்று வாங்கிக்கொள்ள, நாம் அதைப் பிரதிப்பெயர் என்கிறோம். வடமொழியாரோ இதே இனத்தைச் சர்வநாமம், அதாவது எல்லாவற்றுக்கும் ஆகிவரும் பெயர் என்றார்கள். இரண்டில் வடமொழிப் பெயரே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஏனென்றால், ‘நான் வருகிறேன்’ என்று ராமன் சொல்லும்போது, அந்த ‘நான்’ ராமன் என்ற பெயருக்குப் பதிலாகவா வந்தது? அந்த இடத்தில் அவன் தன் பெயரையே வைத்துப் பேசினால், இரண்டு வயதுக் குழந்தை ‘பாப்பாவுக்குப் பால் வேணும்’ என்று சொல்வது போலல்லவா இருக்கும்? ‘நான்’ என்பது எவருடைய பெயருக்கும் பிரதி அன்று. அது பேசுகிறவன் ஏறி நிற்கும் மேடை. யார் ஏறுகிறாரோ அந்தக் கணத்துக்கு மேடை அவருடையது, இறங்கியதும் அடுத்தவருடையது. தன்மை, முன்னிலை, படர்க்கை என்று நம் முன்னோர் இவற்றை ‘இடம்’ என்ற சொல்லாலேயே குறித்தது எவ்வளவு நுட்பமான காரியம் என்பதை ஆங்கிலம் கற்கத் தொடங்கிய பிறகுதான் நான் உணர்ந்தேன். ஒவ்வொரு மொழியும் தன் சபையில் ஆசனங்களை ஒவ்வொரு விதமாக வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. தமிழ்ச் சபையில் பழகியவன் ஆங்கிலச் சபைக்குள் நுழையும்போது, இருக்கிற ஆசனத்தைத் தேடாமல், இல்லாத ஆசனத்தில் உட்காரப் பார்த்துத் தடுமாறுகிறான். அந்தத் தடுமாற்றங்கள்தாம் பாடத்தின் உயிர்நிலை என்பது என் அபிப்பிராயம்.

வகைகளை முதலில் சொல்லிவிடுகிறேன்; அவற்றில் வெகுநேரம் நிற்க வேண்டியதில்லை. 1898-இல் வெளிவந்து இந்தியப் பள்ளிகளில் நெடுங்காலம் ஆட்சி செலுத்திய நெஸ்ஃபீல்டின் இலக்கணமும், இந்தியக் கல்வித்துறையில் பணியாற்றியவரும் ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலை 1924-இல் எழுதிப் புகழ் பெற்றவருமான பி. சி. ரென், மார்ட்டின் என்பவரோடு சேர்ந்து இயற்றிய இலக்கணமும் நம் நாட்டில் இந்தப் பாகுபாட்டைப் பரப்பின. ‘ஐ, யூ, ஹீ’ முதலியவை மூவிடப் பெயர்கள். ‘மைன், யுவர்ஸ்’ முதலியவை உடைமை காட்டுபவை. ‘மைசெல்ஃப்’ முதலியவை செய்தவனையே திரும்பச் சுட்டுபவை. ‘திஸ், தட்’ சுட்டுப் பெயர்கள். ‘ஹூ, விச், வாட்’ வினாப் பெயர்கள். அவையே ஒரு வாக்கியத்தை மற்றொன்றோடு பிணைக்க வரும்போது இணைப்புப் பெயர்கள். ‘சம்படி, எவ்ரிபடி, நன்’ போன்றவை இன்னாரென்று வரையறுக்காதவை. ‘ஈச், ஐதர்’ போன்றவை தனித்தனியாகப் பங்கிட்டுக் காட்டுபவை. ‘ஈச் அதர்’ போன்றவை ஒருவரையொருவர் என்னும் பொருளன. ஒரு புத்தகம் ஏழு வகை என்றும், இன்னொன்று எட்டு அல்லது ஒன்பது என்றும் சொல்வதைக் கண்டு மாணவர் கலங்க வேண்டாம். ‘மை’ என்பதைப் பெயரடையில் சேர்ப்பவரும் உண்டு, இங்கே சேர்ப்பவரும் உண்டு என்பது போன்ற குடும்பத் தகராறுகளால் விளைந்த கணக்கு வித்தியாசம் அது. மேலும் இவை பிறப்பால் வரும் சாதிகள் அல்ல, செய்யும் தொழிலால் வரும் பெயர்கள். ‘தட்’ என்னும் ஒரே சொல், தூரத்தில் இருப்பதைக் காட்டும்போது சுட்டு, முன் வந்த பெயரைப் பற்றிப் பின்தொடரும்போது இணைப்பு, ‘அவன் வந்தான் என்று’ என்பதில் உள்ள ‘என்று’ போல நிற்கும்போது பிரதிப்பெயரே அன்று. எந்தச் சொல் எந்த வகை என்று மனப்பாடம் செய்கிறவன், சொல் வேறு வாக்கியத்துக்குக் குடிபெயர்ந்த மறுநிமிஷமே ஏமாந்து போகிறான்.

இனித் தடுமாற்றங்களுக்கு வருவோம். முதலாவது, முன்னிலை. நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று படிப்படியாக மரியாதையை அளந்து கொடுக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளை, தாத்தாவுக்கும் ‘யூ’, தெரு நாய்க்கும் ‘யூ’, ஆண்டவனை விட்டால் அனைவருக்கும் ‘யூ’ என்று கேள்விப்படும்போது, ஆங்கிலேயருக்கு மரியாதை தெரியாது போலும் என்று முடிவு கட்டிவிடுகிறது. நானும் அப்படி நினைத்தவன்தான். உண்மை நேர்மாறானது. பழைய ஆங்கிலத்தில் ஒருவனைக் குறிக்கத் ‘தௌ’ என்ற சொல்லும், பலரைக் குறிக்க ‘யீ’ என்ற சொல்லும் இருந்தன. ‘யூ’ என்பது அந்தப் பன்மையின் வேற்றுமை வடிவம். 1066-இல் நார்மன்காரர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின், பிரெஞ்சு அரசவையின் நாகரிகம் பரவிய காலத்தில், உயர்ந்தவர் ஒருவரே ஆனாலும் அவரைப் பன்மையில் அழைக்கும் வழக்கம் 13-ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்தில் வேரூன்றியது. நம் மொழியிலும் நடந்தது இதுவே அன்றோ? பன்மையாகிய ‘நீர்’ ஒருவருக்கு மரியாதையாகி, அந்த மரியாதையும் தேய்ந்து போக, ‘நீம்’ என்ற பழைய பன்மையின் மேல் இன்னொரு பன்மை விகுதியை ஏற்றி ‘நீங்கள்’ என்றோம். படர்க்கையில் ‘அவர்’ ஒருமை மரியாதை ஆனதும், கூட்டத்தைக் குறிக்க ‘அவர்கள்’ வந்ததும், பிறகு பெரியவர் ஒருவரின் பெயருக்குப் பின்னாலும் ‘அவர்கள்’ ஒட்டிக்கொண்டதும் அதே கதிதான். ஆங்கிலேயர் இந்த வழியில் நம்மைக் காட்டிலும் தூரம் நடந்துவிட்டார்கள். தாழ்ந்தவர் என்று யாரையும் ‘தௌ’ என்று சொல்லக் கூசிக் கூசி, கடைசியில் எல்லாருக்கும் ‘யூ’ என்றே கொடுத்து, ‘தௌ’வைச் சமூகத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். ஆகவே ஆங்கிலத்தில் இல்லாமற்போனது ‘நீங்கள்’ அன்று, ‘நீ’. ஒருவனைப் பார்த்துப் பேசும்போதும் ‘யூ’வுக்குப் பின்னால் பன்மைக்குரிய ‘ஆர்’ வருகிறதே, ‘இஸ்’ வருவதில்லையே என்ற சந்தேகத்துக்கும் விடை இதுவே. ‘யுவர்செல்ஃப்’, ‘யுவர்செல்வ்ஸ்’ என்ற ஒரே இடத்தில் மட்டும், கேட்பவர் ஒருவரா பலரா என்பது இன்றும் காட்டிக் கொடுக்கப்படுகிறது.

‘தௌ’ சாகுமுன் பட்ட பாடு சுவாரசியமானது. 1603-இல் வின்செஸ்டரில் சர் வால்டர் ராலேயின் மீது ராஜத்துரோக வழக்கு நடந்தபோது, அரசுத் தரப்பு வழக்கறிஞரான எட்வர்டு கோக், ‘சர்’ பட்டம் பெற்ற அவரை வேண்டுமென்றே ‘தௌ’ என்று ஏக வசனத்தில் அழைத்து, அப்படி அழைப்பதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். வசையை விட அந்தச் சின்னச் சொல்தான் சபையில் உறைத்திருக்க வேண்டும். அரை நூற்றாண்டு கழித்து ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரும் அவரைப் பின்பற்றிய குவேக்கர் என்னும் சமயக் கூட்டத்தாரும், கடவுளின் முன் எல்லாரும் சமம் ஆகையால் எவரையும் பன்மையில் அழைக்க மாட்டோம் என்று சங்கற்பம் செய்துகொண்டு, நீதிபதிகளையே ‘தௌ’ என்று அழைத்து, தொப்பியைக் கழற்றவும் மறுத்து, அடியும் சிறையும் அனுபவித்தார்கள். கோக் இழிவுக்காகச் சொன்ன சொல்லை ஃபாக்ஸ் சமத்துவத்துக்காகச் சொன்னார். உலகம் சமத்துவத்தை வேறு வழியில் அடைந்தது: எல்லாரையும் கீழே இறக்காமல் எல்லாரையும் மேலே ஏற்றிவிட்டது. 1611-ஆம் ஆண்டு வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் காலத்து வேதாகமத்தில் ‘தௌ’ நிறையக் காணப்படுவதால், அது இன்று ஏதோ பக்தி மணக்கும் மரியாதைச் சொல் போலத் தோன்றுகிறது. ‘நீயே கதி’ என்று தெய்வத்தை நாம் ஒருமையில் அழைக்கிறோமே, அந்த உரிமையின் மிச்சம் அது.

படர்க்கைக்கு வந்தால், தமிழ்ப் பிள்ளைக்குக் காத்திருக்கும் கண்ணி ‘அவர்’. தகப்பனாரைப் பற்றி ஒரு வியாசம் எழுதச் சொன்னால், ‘ஹீ’ என்பது ‘அவன்’ என்றல்லவா அகராதியில் இருக்கிறது, பெற்றவரை அப்படி எழுதலாமா என்று கூசி, ‘தே’ என்று எழுதிவிட்டுப் பக்தியோடு தலை குனிந்து நிற்கும் மாணவர் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. சிவப்பு மையால் அடிக்கிற ஆசிரியர், அடிக்கும் முன் ஒரு கணம் அந்தக் கூச்சத்தை மெச்ச வேண்டும். ‘ஹீ’யில் அவனும் அவரும் ஒன்றே, ‘ஷீ’யில் அவளும் அவரும் ஒன்றே, ஆண், பெண் என்ற பேதத்தை மட்டும் அவை பார்க்கின்றன, பெரியவர் சிறியவர் என்ற பேதத்தைப் பார்ப்பதில்லை. தமிழின் ‘அவர்’ இதைத் தலைகீழாகச் செய்கிறது: மரியாதையைப் பார்க்கிறது, ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை.

இந்தத் ‘தே’ ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை அன்று என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். வடகடலைத் தாண்டி வந்து கொள்ளையிட்டு, பின்பு இங்கிலாந்தின் கிழக்கிலும் வடக்கிலும் குடியேறிவிட்ட டேனியர் முதலான ஸ்காண்டிநேவியரின் மொழியிலிருந்து வந்தது அது. வியாபாரத்துக்கான சொற்களையும் உணவுப் பெயர்களையும் மொழிகள் கடன் வாங்குவது தினப்படிச் சங்கதி. ‘அவர்கள்’ என்ற சொல்லையே வெளியாரிடம் வாங்குவது அபூர்வம். பழைய ஆங்கிலத்தில் அவன், அவள், அவர்கள் என்ற மூன்றுக்கும் உரிய சொற்கள் உச்சரிப்புத் தேய்ந்து ஏறக்குறைய ஒன்றுபோல ஒலிக்கத் தொடங்கியதால், குழப்பத்தைத் தீர்க்க அண்டை வீட்டுச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அதையும் ஒரே நாளில் எடுக்கவில்லை. 1400-இல் மறைந்த கவி சாஸர், எழுவாயாகத் ‘தே’யை எழுதினாலும், ‘அவர்களை’, ‘அவர்களுடைய’ என்ற இடங்களில் பழைய ஆங்கில வடிவங்களையே வைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வந்து ஒரு தலைமுறை கழித்துத்தான் சம்பந்திகள் வந்து சேர்ந்தார்கள் என்று சொல்லலாம்.

அப்படி வந்த சொல்லைச் சுற்றி இன்றும் விவகாரம் ஓயவில்லை. ‘ஒவ்வொருவரும் தம் குடையைக் கொண்டுவர வேண்டும்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதப் புகுந்தால், ‘எவ்ரிபடி’ ஒருமை ஆயிற்றே, குடை ‘ஹிஸ்’ஸா ‘ஹெர்’ரா என்ற கேள்வி எழுகிறது. 14-ஆம் நூற்றாண்டு முதலே ஆங்கிலேயர் இங்கே கூசாமல் ‘தெயர்’ என்று பேசியும் எழுதியும் வந்தார்கள்; ஜேன் ஆஸ்டினும் அப்படி எழுதியவரே. 18-ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் வந்த இலக்கணக்காரர், எண் மாறுகிறது என்று ஆட்சேபித்து, ‘ஹிஸ்’ என்பதே இருபாலுக்கும் ஆகும் என்று விதித்தார்கள். 1850-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம், சட்டங்களில் வரும் ஆண்பாற் சொல் பெண்களையும் உள்ளடக்கும் என்றே ஒரு சட்டம் இயற்றியது. வழக்கறிஞர்கள் ஜெனரல் கிளாஸஸ் ஆக்ட் என்று குறிப்பிடும் 1897-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் 13-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. எண் தவறினால் பிழை, பால் தவறினால் பிழையில்லை என்ற இந்தத் தீர்ப்பின் நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. 2019-இல் அமெரிக்க அகராதி நிறுவனமான மெரியம்-வெப்ஸ்டர், ஒருவரைக் குறிக்கும் ‘தே’யை அந்த ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தபோது, பழைய வழக்கம் முன்வாசல் வழியாகவே திரும்பி வந்தது. தகப்பனாரைத் ‘தே’ என்று எழுதிய நம் மாணவர் இதைக் கேட்டு மகிழ்ந்துவிடக் கூடாது. பால் தெரியாத இடத்துக்கும், தம்மை அவ்வாறே குறிக்க விரும்புகிறவர்களுக்கும் உரியது அது.

நாம், நாங்கள் என்ற விஷயத்தில் ஆங்கிலம் ஏழைதான். ‘நாங்கள் சினிமாவுக்குப் போகிறோம்’ என்றால் கேட்பவர் வீட்டில் இருக்க வேண்டியதே. ‘நாம் போகிறோம்’ என்றால் அவர் சட்டையை மாட்டிக்கொள்ளலாம். ‘வீ’ என்ற ஒரே சொல்லில் இரண்டும் அடக்கம். இந்த வேறுபாட்டைத் திராவிட மொழிகளின் சிறப்புகளில் ஒன்றாக 1856-இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் எடுத்துக் காட்டினார். ஆங்கிலத்திலும் இதன் சாயல் ஓரிடத்தில் ஒளிந்திருக்கிறது: ‘லெட்ஸ் கோ’ என்று சுருக்கிச் சொன்னால் ‘வா, நாம் போகலாம்’ என்றே பொருள்; ‘லெட் அஸ் கோ’ என்று பிரித்துச் சொன்னால், பிடித்து வைத்திருப்பவனைப் பார்த்து ‘எங்களைப் போகவிடு’ என்று மன்றாடுவதாகவும் ஆகலாம். பாப்புவா நியூகினியில் ஆங்கிலச் சொற்களைக் கொண்டு மக்கள் தாமே வளர்த்துக்கொண்ட டோக் பிசின் என்ற மொழியில், ‘யூ’வையும் ‘மீ’யையும் ஒட்டி ‘யுமி’ என்றால் நாம். ‘மிபெலா’ என்றால் நாங்கள். ஆங்கிலம் கொடுத்த செங்கல்லால் தங்கள் வழக்கப்படி வீடு கட்டிக்கொண்ட அந்தத் தீவினரை நினைத்தால் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

‘இட்’ என்பதை அஃறிணை என்று சொல்லிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது செய்யும் வேறொரு வேலையைச் சொல்வதில்லை. மழை பெய்கிறது என்று நாம் சொன்னால் பெய்வது மழை. ஆங்கிலத்தில் ‘இட் இஸ் ரெய்னிங்’. பெய்கிற அந்த ‘இட்’ யார்? ஒருவருமில்லை. ஆங்கில வாக்கியத்துக்கு எழுவாய் இல்லாமல் நடக்கத் தெரியாது. ஆள் இல்லாத இடத்தில் கூலிக்கு ஓர் ஆளை நிறுத்தி வைக்கிறது. தமிழ் வினைமுற்றோ இடத்தையும் பாலையும் தன் வாலிலேயே கட்டிக்கொண்டு போவது: ‘வந்தேன்’ என்றால் வந்தது யார் என்று யாரும் கேட்பதில்லை. எனவே தமிழில் பிரதிப்பெயரை விட்டுவிடுவது அழகு. ஆங்கிலத்தில் விட்டுவிடுவது பிழை. இந்த ஒன்றை உணராததால் எழுவாய் இல்லாத வாக்கியங்களை எழுதிக் குவிக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகள் அநேகர்.

சுட்டுப் பெயர்களில் ஒரு சங்கடம். தம்பியை நண்பருக்கு அறிமுகப்படுத்தும்போது ‘திஸ் இஸ் மை பிரதர்’ என்பதே முறை. அதை அப்படியே ‘இது என் தம்பி’ என்று நாம் எழுதினால் திணை வழுவாகிவிடும். ‘திஸ்’ஸுக்குத் திணை இல்லை, ஆனால் அறிமுகம் முடிந்த அடுத்த வாக்கியத்திலேயே அதை விட்டு ‘ஹீ’க்கு வந்துவிட வேண்டும். தொலைபேசியிலும் ‘திஸ் இஸ் ராமன்’ என்பார்களேயன்றி ‘ஐ ஆம் ராமன்’ என்று தொடங்குவது குறைவு. அருகில் உள்ளதற்கும் தூரத்தில் உள்ளதற்கும் இரண்டே சுட்டுதான் அவர்களுக்கு. ‘யான்’ என்ற மூன்றாவது ஒன்று ஸ்காட்லாந்துப் பக்கத்துப் பேச்சில் இருக்கிறது. நமக்கும் அ, இ, உ என மூன்று இருந்து, தமிழ்நாட்டில் உகரச் சுட்டு வழக்கிறந்துபோக, யாழ்ப்பாணத்தார் மட்டும் ‘உவன்’, ‘உது’ என்று அதை இன்றும் உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

‘மைசெல்ஃப்’ என்ற சொல் நம் நாட்டில் படும் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நேர்முகப் பரீட்சையில் எழுந்து நின்று ‘மைசெல்ஃப் ராமன்’ என்று தொடங்குகிறவர் எண்ணிறந்தோர். கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டேன் என்பதுபோலச் செய்தவனும் செயப்பட்டவனும் ஒருவனே ஆகும்போதோ, நானே எழுதினேன் என்பதில் உள்ள ஏகாரம் போல வற்புறுத்தும்போதோ வர வேண்டிய சொல் அது. ‘ஐ’ இல்லாத இடத்தில் தனியே வந்து நிற்கும் அருகதை அதற்கு இல்லை. நம்முடைய ‘தன்’ அதைவிடக் கூர்மையானது. ‘ராமன் கண்ணனிடம் தன் புத்தகத்தைக் கொடுத்தான்’ என்றால் புத்தகம் ராமனுடையது. ‘அவன் புத்தகத்தை’ என்றால் கண்ணனுடையது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஹிஸ் புக்’தான், எவன் புத்தகம் என்பதை வழக்குமன்றத்தில்தான் தீர்க்க வேண்டும்.

‘ஐ’யா ‘மீ’யா என்ற தகராறு ஆங்கிலேயருக்குள்ளேயே உண்டு. கதவைத் தட்டுகிறவன், யார் என்ற கேள்விக்கு ‘இட் இஸ் மீ’ என்கிறான். லத்தீன் இலக்கணத்தில் ஊறியவரும், 1762-இல் இலக்கணம் வெளியிட்டவருமான ராபர்ட் லோத் ‘இட் இஸ் ஐ’ என்றே சொல்ல வேண்டும் என்றார். பிராணவாயுவைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஜோசஃப் பிரீஸ்ட்லி, இலக்கணமும் எழுதியவர். ஜனங்கள் பேசுவதே பேச்சு என்று மற்றப் பக்கம் நின்றார். நான் பிரீஸ்ட்லி கட்சி. பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் மட்டும் அன்றைக்கு ஒரு நாள் லோத் கட்சியில் இருப்பது க்ஷேமம்.

உடைமைப் பெயர்களில் தமிழருக்குக் கஷ்டமே இல்லை: ‘என்’ என்பது ‘மை’, ‘என்னுடையது’ என்பது ‘மைன்’. ‘இட்ஸ்’ என்ற உடைமைச் சொல்லின் தலையில் ‘அப்பாஸ்ட்ரபி’ என்னும் கொம்பு போடக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். அந்தச் சொல்லே புதிது; 1611-ஆம் ஆண்டு வேதாகமத்தின் முதற்பதிப்பில் அது ஓரிடத்திலும் இல்லை, அஃறிணைக்கும் ‘ஹிஸ்’ என்றே எழுதியிருந்தார்கள். வரையறாப் பெயர்களில் நினைவு வைக்க வேண்டியது, ‘ஒருவரும் வரவில்லை’ என்பதில் நாம் இன்மையை வினையில் வைக்கிறோம், அவர்கள் ‘நோபடி’ என்று பெயரிலேயே வைத்துவிடுகிறார்கள் என்பது. இரண்டு இடத்திலும் வைத்தால், வராதவர் ஒருவருமில்லை, எல்லாரும் வந்தார்கள் என்றாகிவிடும். இருவர் என்றால் ‘ஈச் அதர்’, பலர் என்றால் ‘ஒன் அனதர்’ என்ற விதியைப் புத்தகங்கள் ஒப்பிக்கின்றன. 1926-இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற அகராதியில் ஃபவுலர் அதற்கு ஆதாரமில்லை என்று தள்ளிவிட்டார். நாமும் தள்ளிவிடுவோம்.

ஆனால் இணைப்புப் பெயரைத் தள்ள முடியாது. தமிழில் அதற்கு ஈடான சொல்லே இல்லை. ‘நேற்று வந்த மனிதர்’ என்று நாம் மூன்று சொல்லில் முடிப்பதை, ஆங்கிலம் ‘மனிதர்’ என்று முதலில் ஆளை நிறுத்தி, ‘ஹூ’ என்று ஒரு கொக்கி போட்டு, ‘நேற்று வந்தார்’ என்ற வாக்கியத்தை அதில் மாட்டுகிறது. அந்தக் கொக்கியின் வேலையை நமக்குப் பெயரெச்சம் செய்கிறது. பெயரெச்சம் கொள்ளும் பெயர்கள் ஆறு என்று நன்னூலார் கணக்கிட்டார். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என்பன அவை. எழுதிய புலவர், எழுதிய எழுத்தாணி, எழுதிய திண்ணை, எழுதிய எழுத்து, எழுதிய நாள், எழுதிய பாட்டு என்று ‘எழுதிய’ என்னும் ஒரே சொல் ஆறு திறவுகோலாகத் திரும்புவதைப் பாருங்கள். ஆங்கிலத்தில் புலவருக்கு ‘ஹூ’, பாட்டுக்கு ‘விச்’, எழுத்தாணிக்கு ‘வித் விச்’, திண்ணைக்கு ‘ஆன் விச்’ அல்லது ‘வேர்’, நாளுக்கு ‘வென்’ என்று தனித்தனிச் சாவி வேண்டும். தமிழில் எழுத்தாணி எழுதாது, திண்ணையும் எழுதாது என்ற உலக அறிவே பொருளைத் தீர்மானிக்கிறது; ‘ஆசிரியர் தேடிய பையன்’ என்பதில் தொல்லையில்லை, ‘தேடிய பையன்’ என்று மட்டும் சொன்னால் தேடினவனா தேடப்பட்டவனா என்று நிற்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலம் உலக அறிவை நம்பாமல் ஒவ்வொரு உறவையும் எழுதி வாங்கிக்கொள்கிறது. சிக்கனம் நம்முடையது, தெளிவு அவர்களுடையது என்று பங்கிடுவதில் எனக்கு வருத்தமில்லை. ‘எவன் படிக்கிறானோ அவன் ஜெயிப்பான்’ என்ற நம் எவன்-அவன் வாக்கியம் இதற்குக் கொஞ்சம் கிட்டத்தில் வருகிறது. எனினும் அதை எல்லா இடத்திலும் நுழைத்தால் தமிழ் மொழிபெயர்ப்பு நாற்றம் அடிக்கிறது.

‘ஹூ’ உயர்திணைக்கு, ‘விச்’ அஃறிணைக்கு என்ற பிரிவு நமக்குப் பழக்கமானது என்பதால் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போது, ‘தட்’ வந்து இரண்டுக்கும் பொதுவாக உட்கார்ந்துகொள்கிறது. இதைப் பொறுக்காமல் 1711-இல் ரிச்சர்ட் ஸ்டீல் தம் ‘ஸ்பெக்டேட்டர்’ பத்திரிகையின் 78-ஆம் இதழில் ஒரு வேடிக்கை செய்தார். ‘ஹூ’வும் ‘விச்’சும் சேர்ந்து பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு மனுப் போடுகிறார்கள்: நல்ல குடும்பத்தில் பிறந்து தலைமுறை தலைமுறையாக மரியாதையோடு வாழ்ந்த எங்களை, நேற்று வந்த ‘தட்’ என்னும் சிறு பயல் எல்லா இடத்திலும் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்கிறான், தாங்கள் தயவு செய்ய வேண்டும் என்பது மனுவின் சாரம். வாசகர் சிரித்திருப்பார்கள், ஆயினும் மனுவில் கண்ட சங்கதி பொய். பழைய ஆங்கில காலம் தொட்டே கொக்கி வேலை பார்த்து வந்தது ‘தட்’தான்; வினாப் பெயர்களாய் இருந்த ‘ஹூ’வும் ‘விச்’சும் மிகவும் பின்னால்தான் இந்த உத்தியோகத்துக்கு வந்தன. குடியிருப்பவனே வீட்டுக்காரனைக் காலிசெய்யச் சொன்ன வழக்கு அது. முந்நூறு ஆண்டு கழிந்தும் ‘தட்’ இடத்தை விட்டு அசையவில்லை, மனுதாரரில் முதல்வரான ‘ஹூ’ தம் வேற்றுமை வடிவமாகிய ‘ஹூம்’மைப் பேச்சில் ஏறக்குறையக் கைவிட்டுவிட்டார், ‘ஹூம்’ என்ற அந்தக் கிழவர் இப்போது கல்யாணப் பத்திரிகை, கோர்ட்டுக் காகிதம், நம் பிள்ளைகளின் வினாத்தாள் ஆகிய இடங்களில்தான் மாலை மரியாதையோடு காணக் கிடைக்கிறார்.